நம்ம ஹாஸ்பிட்டலுக்கு வந்துடுங்க

போன கிறிஸ்துமஸ் மதியம், சுங்கை சிப்புட்டில் என் பெரியம்மா மகன் வீட்டு முன்னறையில், என் தொழிலுக்கு முதலிடம் கிடைத்தது. அறிவித்தது அண்ணனின் மகள். படிவம் ஆறு படிக்கிறாள். அடுத்து என்ன படிக்கலாம் என்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தவள், எந்த வேலைக்கு வருஷ வருமானம் மிக அதிகம் என்று யாரோ எழுதிவைத்ததைக் கண்டுபிடித்து, கறி மணக்கிற அந்த அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். முதலில் மயக்க மருந்து நிபுணர்கள், அடுத்து அறுவை சிகிச்சை நிபுணர்கள், பிறகு இதயம், பிறகு பல். அதற்கும் கீழே பெரிய கம்பெனித் தலைவர்கள், விமானிகள், கடலில் எண்ணெய் எடுக்கும் இன்ஜினியர்கள், வழக்கறிஞர்கள்.

"அத்தை, நீங்கதான் டாப்பு!" என்றாள்.

நான் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை.

"அதெல்லாம் வேற நாட்டுக் கணக்கு லா," என்றேன். அடக்கமாகத்தான் சொன்னேன். ஆனால் அவள் இன்னொரு முறை வாசித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். என் அண்ணிக்கு அது புரிந்துவிட்டது போலிருக்கிறது. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்குக் கேக்கல, திரும்பப் படி," என்றாள். மகள் திரும்பப் படித்தாள்.

அண்ணன் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் டிரெய்லர் லோரி ஓட்டுகிறார். ஈப்போவைச் சுற்றியிருக்கும் சுண்ணாம்புக்கல் மலைகளை உடைத்து எடுக்கிற கல்லைக் கிள்ளான் துறைமுகம்வரை கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார்.

"லோரி எங்க இருக்குன்னு பாரு," என்றார்.

"இல்லப்பா."

"கீழ தள்ளிப் பாரு. கீழதான் இருக்கும்."

"முடிஞ்சிருச்சுப்பா. அதுக்குக் கீழ விளம்பரந்தான் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன்தான் அதிகமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன், அந்த வீட்டில் இருக்கிற ஒரே மெத்தை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் எப்போது போனாலும் அதை எனக்கென்று துடைத்து வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, இல்லாவிட்டால் தரை. மற்றவர்களுக்குக் காகிதத் தட்டு. எனக்கு மட்டும் கண்ணாடி அலமாரியிலிருந்து ஓரத்தில் பூப்போட்ட பீங்கான் தட்டு. "எதுக்கு அண்ணி இதெல்லாம்?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். கேட்டுக்கொண்டே வாங்கிக்கொள்வேன். ஒரு வருஷம் எனக்கும் காகிதத் தட்டைக் கொடுத்திருந்தால் என்ன நினைத்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். முகம் சுருங்கியிருக்கும். என் சுபாவம் எனக்குத் தெரியும்.

நம் ஆட்களுக்கு ஒருவன் என்ன சம்பாதிக்கிறான் என்று தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்காது. என்ன காடி ஓட்டுகிறான், எந்தத் தாமானில் வீடு, பிள்ளைகள் எந்த ஸ்கூல் என்று சுற்றிச் சுற்றி வந்து கேட்பார்கள். எனக்கு எரிச்சல் வரும். ஆனால் யாரும் கேட்காமல் விட்ட ஒரு கல்யாண வீட்டில் எனக்கு அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டார். என்னவென்று கேட்டேன். பித்தப்பையில் கல்லாம். கிளினிக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அரசாங்க மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன.

நான் அப்போது புறப்பட்டுக்கொண்டிருந்தேன். காடிச் சாவி கையில் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன்: "எதுக்கு அண்ணே வலியோட காத்துக்கிட்டு? நம்ம ஹாஸ்பிட்டலுக்கு வந்துடுங்க."

"சரி பாப்பா," என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. ஈப்போ பக்கம் வந்தால் வீட்டுக்கு வாங்க என்று எல்லோரிடமும் சொல்வோமே, அப்படித்தான் சொன்னேன். எப்போது வரப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை, எனக்கு முதலில் போன் பண்ணுங்கள் என்றும் சொல்லவில்லை. அங்கே எவ்வளவு ஆகும் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

இதில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் குடும்பத்தில் என் வாயிலிருந்து வருவது யோசனை அல்ல, உத்தரவு. சர்க்கரை வியாதிக்காரருக்கு இந்த பிஸ்கட் பரவாயில்லை என்று ஒரு தடவை சொன்னேன். சொந்தத்தில் சர்க்கரை இல்லாதவர்களும் அதையே வாங்கிச் சாப்பிட்டார்கள். தோட்டத்து லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்த எங்களில் நான் ஒருத்திதான் டாக்டர். நான் வரச் சொல்லி வராமல் இருப்பது என்னை அவமதிப்பது என்று அவர்கள் நினைப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன். ஈப்போ திரும்புகிற வழி முழுக்க, அண்ணனுக்கு ஒரு நல்லது செய்துவிட்டதாக நினைத்து எனக்கு மனசு நிறைந்திருந்தது.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம். மறுநாள் அறுவை சிகிச்சை இருக்கிற நோயாளிகளை முந்தின சாயங்காலமே போய்ப் பார்ப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. நெஞ்சு எப்படி, மூச்சு எப்படி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பல் ஏதும் ஆடுகிறதா என்று கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு இவ்வளவு சம்பளம் தூங்க வைப்பதற்காக என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். தூங்க வைப்பது சுலபம். பத்திரமாக எழுப்புவதற்குத்தான் சம்பளம், அதற்கு இந்தக் கேள்விகள் எல்லாம் வேண்டும்.

அன்றைக்கு ஆறு பேர் இருந்தார்கள். நான்கு கட்டில் போட்ட அறையில் கடைசியாக ஒருவர். அவர் பெயரைப் படித்தேன், அப்பா பெயரையும் படித்தேன். இரண்டும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனை அண்ணன் என்றும் பெரியப்பாவைப் பெரியப்பா என்றும் கூப்பிட்டே வளர்ந்தவள் நான். அடையாள அட்டை ஐ.சி.யில் அவர்களுக்கு என்ன பெயர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு தமிழ் நர்ஸ் என் பக்கத்தில் வந்தாள். நான் கையிலிருந்த குறிப்பைப் பார்த்தபடியே திரையை விலக்கி, எல்லா நோயாளிகளிடமும் மலாயில் சொல்கிற அதே இரண்டு வரியைச் சொன்னேன். "செலாமாட் பெத்தாங், என்சேக். சாயா டாக்டர் பியூஸ்." மாலை வணக்கம் ஐயா, நான் மயக்க மருந்து டாக்டர். தெரியாத ஆண் யாராக இருந்தாலும் எங்களுக்கு என்சேக்தான். சொல்லி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

கட்டிலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சர்ச்சுக்குப் போகிற மாதிரி தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். மருத்துவமனை அங்கி அவருக்குத் தோளில் பிடித்தது. பக்கத்தில் அண்ணி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அண்ணனின் வாய் லேசாகத் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு, "வணக்கம் டாக்டர்," என்றார்.

அண்ணே என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு நல்ல காரணம் ஒன்று அந்த நொடியிலேயே என் மனசு செய்து கொடுத்துவிட்டது. சொன்னால் நர்ஸ் கேட்பாள்: உங்கள் அண்ணனா, உங்களுக்கே தெரியாதா, இந்தப் பொது அறையிலா போட்டிருக்கிறார்கள்? ஆனால் அதற்கும் முன்னால் இன்னொன்று வந்தது. போர்வைக்கு வெளியே அவர் பாதம் தெரிந்தது. வெடித்த குதிகால், நகத்தோரம் போகாத கறுப்பு. அது இந்த நர்ஸின் கண்ணில் படுகிறதே என்று நினைத்தேன். முதலில் அவரை நினைத்து வெட்கப்பட்டேன். அப்புறம்தான் என்னை நினைத்து. இரண்டாவது வந்ததால் முதலாவது இல்லையென்று ஆகிவிடாது.

கேள்விகளை ஆரம்பித்தேன்.

"சிகரெட் பிடிப்பீங்களா?"

"விட்டுட்டேன் டாக்டர்." அண்ணி அவரை முறைத்தாள்.

"இதுக்கு முன்ன ஆப்பரேஷன் ஏதும்?"

"இல்லீங்க டாக்டர்."

"வாயை நல்லாத் திறங்க."

திறந்தார். மேல்வரிசையில் முன்பக்கம் ஒரு பல் இல்லை. டார்ச் விளக்கை அங்கேயே பிடித்துக்கொண்டு கேட்டேன். வாய் தன்னால் கேட்டது.

"இந்தப் பல் எப்படிப் போச்சு?"

"சின்ன வயசுல பைக்குல விழுந்துட்டேன் டாக்டர்."

அந்த பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தது நான்தான். படிவம் ஐந்து சோதனை எழுதுகிற நாள். மழை. தோட்டத்துக்கு வர வேண்டிய பஸ் வரவில்லை. அவர் தன் பழைய கப்சாய் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். செம்மண் சாலையில் சறுக்கியபோது வண்டியை என் மேல் விழவிடாமல் தன் பக்கம் சாய்த்ததில், அவர் வாய் கைப்பிடியில் மோதியது. வாயில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டே வண்டியைத் திரும்பக் கிளப்பி, ஸ்கூல் வாசலில் என்னை இறக்கிவிட்டு, பேச முடியாமல் கையால் போ போ என்று காட்டினார். நான் உள்ளே ஓடினேன்.

"எப்போ?" என்று கேட்டேன். ஆமாம், அதையும் கேட்டேன்.

"ரொம்ப நாளாச்சு டாக்டர்."

முன்பல் ஒன்று இல்லை, பழையது என்று பதிந்துகொண்டேன். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, காலையில் முதல் ஆள் நீங்கள்தான் என்றேன். தலையாட்டினார். அண்ணியைப் பார்த்து, "பயப்படாதீங்க," என்றேன். "சரிங்க டாக்டர்," என்றாள் அவளும்.

வெளியே வந்ததும் நர்ஸ், "நல்ல மரியாதையான மனுஷர் டாக்டர்," என்றாள். நான் ஆமா என்றேன்.

லிப்ட் வருவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணி. நர்ஸ் இல்லை என்று திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் என் கையைப் பிடித்தாள்.

"பாப்பா, கோவிச்சுக்காத. சொல்லாம வந்துட்டோம்."

"ஏன் அண்ணி எனக்கு ஒரு போன்கூடப் பண்ணல?"

"நீ பிஸியா இருப்பேன்னு அண்ணன் வேணாம்னுட்டாரு. நீதானே வரச் சொன்ன. இவ்ளோ பெரிய டாக்டர் வீட்டுல இருக்கும்போது கவர்மெண்டு ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா உன் பேரு என்னாவறது? ஆளுங்க உன்னத்தான சொல்வாங்க."

"காசு?"

"ஈ.பி.எப். சேமிப்புல கொஞ்சம் எடுத்தாரு. அதுக்குத்தானே அது இருக்கு." குரலைத் தணித்தாள். "மகளுக்கும் உன் படிப்புத்தான் படிக்கணுமாம். கிறிஸ்துமஸ்ல இருந்து அதே பேச்சு."

"நான் சர்ஜன்கிட்ட பேசுறேன் அண்ணி. எங்க டாக்டருங்க குடும்பத்துக்கு அவங்க பீஸ் வாங்க மாட்டாங்க."

"ஐயோ, வேணாம் லா. ஓசின்னு தெரிஞ்சா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவாரு. லோரிக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்காரு, தங்கச்சி ஹாஸ்பிட்டலுக்குப் போறேன், கட்டவேண்டியதக் கட்டிட்டுத்தான் படுப்பேன்னு."

லிப்ட் வந்தது. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். அண்ணி சட்டென்று என் கையை விட்டுவிட்டு, "சரிங்க டாக்டர்," என்று ஒதுங்கி நின்றாள். எனக்கு அழுகை வந்தது. இரண்டு பேருக்கு முன்னால் எப்படி அழுவது என்று அதையும் அடக்கினேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சொந்த ரத்தத்துக்கு நாங்கள் மயக்கம் கொடுப்பதில்லை. ஏதாவது கோணலாகப் போனால் கையும் புத்தியும் நம் சொல்லைக் கேட்காது. ஆகவே அவர் யாரோ என்றால் நாளைக் காலையில் நான்தான் அவர் தலைமாட்டில் நிற்க வேண்டும். என் அண்ணன் என்றால் நான் நிற்கக் கூடாது, வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். இன்று சாயங்காலம் ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் வேண்டும். வெட்கத்தை மறைக்க அவர் உயிரோடு விளையாடுவதா? வீட்டுக்குப் போய்ச் சேரும்வரைக்கும் இதை ஒரு கேள்வியாகவே நான் வைத்துக்கொண்டிருந்தேன். அதுவே கேவலம்.

காலையில் அறுவை அறைக்கு வெளியே சர்ஜன் நின்றுகொண்டு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பெங்கில் வளர்ந்த சீனர், அதிகம் பேசாதவர்.

"முதல் கேஸ் நான் செய்ய முடியாது," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "அவர் என் அண்ணன்."

ஆங்கிலத்தில் அவரைக் கசின் என்பார்கள். நான் பிரதர் என்றேன்.

கோப்பையைக் கீழே வைத்தார். "நேற்றே ஏன் சொல்லவில்லை?"

"நேற்றுத்தான் தெரிந்தது," என்றேன். பொய்யில்லை. ஆனாலும் பொய்தான். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அண்ணன் அறுவை சிகிச்சைக்கு வருவது தங்கைக்கு முந்தின நாள்தான் தெரிகிறது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு விளங்கியிருக்கும். இன்னொரு மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட்டார். "என் பீஸ் வேண்டாம், சொல்லிவிடு," என்றார். கோப்பையை எடுத்து மிச்சத்தைக் குடித்தார்.

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. கிறிஸ்துமஸ் அன்றே, வாசலில் நின்றபடியே, ஒரு போனில் முடித்திருக்கக்கூடிய காரியம்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிகிற அறையில் அண்ணனின் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். மயக்கத்திலிருந்து வெளியே வருகிறவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒருவர் அழுவார், ஒருவர் பாடுவார், அதிகம் பேர் அம்மாவைக் கூப்பிடுவார்கள். அண்ணன் கண்ணைப் பாதி திறந்து என்னைப் பார்த்தார்.

"பாப்பா," என்றார் மாஸ்க்குக்குள். "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அண்ணே," என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து முழுசாக விழித்தார். கூரையைப் பார்த்தார், கையில் ஏறிக்கொண்டிருந்த ட்ரிப்பைப் பார்த்தார். நேற்றைய அதே நர்ஸ் அவரை வார்டுக்குக் கூட்டிப்போக வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது, படுத்தபடியே உடம்பைக் கொஞ்சம் ஒழுங்கு செய்துகொண்டார்.

"ரொம்ப நன்றி டாக்டர்," என்றார் என்னிடம்.

"போதும் அண்ணே," என்றேன். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்க என் அண்ணன்னு எல்லாருக்கும் தெரியும்."

நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நேற்று அவள் பக்கத்தில் நின்று கேட்ட கேள்வியும் பதிலும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு ட்ரிப் குழாயைப் பார்க்கப் போய்விட்டாள்.

அண்ணன் யோசித்தார். மருந்தின் மந்தம் இன்னும் போகவில்லை.

"அப்போ நேத்து?"

"நேத்து நீங்கதானே டாக்டர்னு ஆரம்பிச்சீங்க," என்றேன். இதைச் சொல்லும்போதே என் மேல் எனக்கு அருவருப்பு வந்தது. படுத்திருக்கிற மனுஷர் மேல் பழியைப் போடுகிறேன்.

"இல்லயே," என்றார். கோபம் இல்லை. கணக்கில் ஏதோ விட்டுப்போனதைச் சரிபார்க்கிறவர் மாதிரி நிதானமாகப் பேசினார். "திரைய விலக்குனதும் உன்னப் பாத்தேன். பாப்பான்னு கூப்பிட வாயத் தொறந்தேன். நீதான் என்சேக்ன்னு கூப்பிட்ட. சரி, இங்க அப்படித்தான் போலன்னு நெனச்சேன்."

நான் குனிந்து அவர் மாஸ்க்கைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.